முதலில் சிரிக்கக் கூடாது

தம்பி மறுகல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்தபோது பாப்பாவுக்கு மூன்று வயது. அம்மா அவனோடு போய்த் தங்கிப் பாப்பாவை வளர்த்தாள், முழங்காலைப் பறிகொடுத்தாள். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்தவனுக்குத் தன் பிழைப்பை மட்டும் ஒரு மாடி ஏற்றத் தெரியவில்லை என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

"யாரும்மா பொண்ணு?"

"கண்ணாடிக்கடையில வேலை பாக்குறா. பாப்பா புதுக் கண்ணாடியை வாளித் தண்ணிக்குள்ள போட்டுட்டு அழுதாளே, ஞாபகம் இருக்கா? அந்தப் பொண்ணு கடையில இருக்கறதுலயே அசிங்கமான ஃபிரேமா எடுத்து மாட்டிக்கிட்டு, மகாராணி மாதிரி நடந்து காட்டியிருக்கா. பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சுதாம். அன்னிலேர்ந்து கண்ணாடியைக் கழட்டவே மாட்டேங்குது. உன் தம்பியும் ஸ்க்ரூ லூசு, ஸ்க்ரூ லூசுன்னு வாராவாரம் கடைக்குப் போயிருக்கான்."

"யாருக்கு லூசு?" என்றேன். அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு முன்பே கல்யாணமாகிப் பிரிந்துவிட்டதாம். ஒரு பையன் இருக்கிறானாம், தகப்பன் வீட்டாரிடம் வளர்கிறானாம். தம்பிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை மெதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் டீ குடிக்க வருகிறாள், நீயும் வந்துவிடு என்றாள் அம்மா.

கதவைத் திறந்தது நான்தான். கையில் பழப்பையோடு வாசலில் அவள் நின்றாள்.

எனக்கு அவளைத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் நான் பார்த்த கேஸ்.

நான் குழந்தைகள் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர். கேஸ் சம்பந்தப்பட்ட ஒருவரை வெளியே பார்த்தால் நாங்கள் முதலில் சிரிக்கக் கூடாது. பேசக் கூடாது, தலையாட்டவும் கூடாது. அவர்கள் சிரித்தால் சிரிக்கலாம். கூட வருகிறவர் "இவங்க யாரு, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம் அல்லவா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தது, இப்போது உடம்பிலேயே ஊறிவிட்டது. பார்த்த கணத்தில் கண் அந்த முகத்தைத் தாண்டிப்போய்ப் பின்னால் எதையாவது பிடித்துக்கொள்ளும். என் முகம் துடைத்துவைத்த பலகை மாதிரி ஆகிவிடும்.

வந்த வினை என்னவென்றால், இந்த முகம் என் வீட்டாருக்கு நன்றாகத் தெரியும். கடைத்தெருவில் நடக்கும்போது நான் திடீரென்று பூசணிக்காயை அபார ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தால், அம்மா என் இடுப்பில் இடித்து, "உன் ஆளு யாரோ போறாங்க போல" என்பாள். தம்பி அதற்குப் பேரே வைத்திருக்கிறான்: சுவர் மூஞ்சி. "அக்கா சுவர் மூஞ்சி போட்டாச்சு, யாரும் திரும்பிப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகத் திரும்பிப் பார்ப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஊரான் யாரோ என்றால் சிரிப்பு தானாக வருகிறது.

ஆக, கதவைத் திறந்தேன். அவள் தோளுக்கு மேலே மாடிப்படிக் கைப்பிடியைப் பார்த்தேன். பார்சல் கொண்டுவந்தவரிடம் சொல்வதுபோல "வாங்க" என்றேன். அவள் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பிறகு அவளும் என்னைத் தெரியாதவளாக உள்ளே வந்தாள். என்னைவிட நன்றாகவே செய்தாள்.

சோபாவிலிருந்து எழுந்த தம்பி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு டீ குடித்தோம். நான் சர்க்கரை எடுக்க எழுந்தேன், ஸ்பூன் எடுக்க எழுந்தேன், மின்விசிறியைக் குறைத்தேன், மறுபடி கூட்டினேன். பாப்பா அவள் நாற்காலியின் கையில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் யார் யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று பட்டியல் போட்டாள். அவளும் ஒவ்வொருவருக்கும் என்ன நிறத்தில் ஃபிரேம் பொருந்தும் என்று மெனக்கெட்டுச் சொன்னாள். பேச்சுக்கு நடுவே பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையை அணைகொடுத்து வைத்திருந்தாள், விழுந்துவிடாமல். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏண்டி, அவ உன் ஆபீசுக்கு வந்தவளா?"

"கப்பை இப்படிக் குடும்மா, நான் கழுவுறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என் வேலையைப் பத்தி நான் வீட்டுல பேசறதில்லை. உனக்குத் தெரியாதா?"

"வேலையைப் பத்தி யாரு கேட்டா? அவளைப் பத்தித்தானே கேட்டேன்."

வசமாக மாட்டிக்கொண்டேன். மேலே ஒரு வார்த்தை பேசினால் இன்னும் மோசமாகும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தம்பி படியில் என்னைப் பின்தொடர்ந்து வந்தான்.

"அக்கா, நில்லு. எனக்குக் கதையெல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பாப்பாவுக்கு ஏதாவது ஆபத்தா?"

எங்கள் விதி இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் ரகசியம் காக்க வேண்டியதில்லை, உடனே சொல்லியாக வேண்டும். ஆபத்து இல்லையென்றால் வாயைத் திறக்கவே கூடாது. "இல்லை" என்று சொல்வதும் வாயைத் திறப்பதுதான். அவளை எனக்குத் தெரியும் என்று அது ஒப்புக்கொண்டுவிடும். அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

"நான் டெஸ்ட் பண்ணாத லிஃப்ட்ல ஆளை ஏத்த மாட்டேன்க்கா. இது என் பொண்ணு. புரியுதா உனக்கு?"

"நான் போகணும்" என்றேன்.

"சரி. எனக்குப் புரிஞ்சுடுச்சு" என்றான்.

என்னடா புரிந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் இறங்கிப் போனேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வேறொரு பஸ்ஸில் ஏறி, எங்கோ இறங்கி, அத்தனை தூரமும் நடந்து திரும்பினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பதவியில் பெரியவர், விஷயத்தில் கெட்டி. முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க வாயைத் திறக்கல இல்ல?"

"இல்ல."

"நல்லவேளை. இனிமே அந்த ஃபைலைத் தொடாதீங்க. அவங்க இங்க வந்தா நான் பாத்துக்கறேன். நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க. நீங்க செஞ்சது ரொம்பச் சரி."

சரி என்று சொன்னதும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கழுவின கப்பை மறுபடி கழுவினேன். ஒரு வீட்டுக்கு விசாரணைக்குப் போய், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டேன். அந்த வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஃபைலைத் தொடாமலிருப்பது பெரிய காரியமில்லை. அதில் உள்ளதெல்லாம்தான் மண்டைக்குள் இருக்கிறதே. இங்கே எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன், அதனால் சொல்கிறேன். அப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பையன் அப்போதுதான் நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துவீட்டு அம்மா ஒரு நாள் வரவில்லை. லீவு போட்டால் வேலை போய்விடும் என்ற நிலை. பையனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். பையன் விழித்தான், ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜன்னலில் ஏறினான், கீழ்வீட்டுத் தகரக் கூரையில் விழுந்தான். கை முறிந்ததோடு போயிற்று. அந்தக் கூரை மட்டும் இல்லையென்றால் பையன் இல்லை.

குழந்தையை அவளிடமிருந்து எடுக்கச் சொல்லி எழுதியவள் நான். அவனைத் தகப்பனைப் பெற்றவர்களிடம் விட்டோம். அவள் என் அறையின் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சொன்ன வகுப்புக்கெல்லாம் போனாள். கூப்பிட்ட நாளெல்லாம் வந்தாள். பையனைப் பார்ப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஓர் அறை கொடுப்போம். உள்ளே வந்ததும் பையனைத் தூக்குவதற்கு முன்னால் அவள் ஜன்னல் கொக்கியைத்தான் பார்ப்பாள். கடைசியில் பையனை அவளிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று கோர்ட்டுக்கு எழுதினேன். ஆனால் பையன் தாத்தா பாட்டியோடு ஒட்டிவிட்டான், அங்கேயே வளரட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அத்தோடு என்னைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தது. அவளைப் பொறுத்தவரை எப்போது முடிந்தது என்று நான் கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மா போன் செய்தாள்.

"கல்யாணப் பேச்சை ஆறப்போட்டுட்டான். கொஞ்ச நாள் போகட்டும்கறான். பாப்பா, கண்ணாடி ஆன்ட்டி ஏன் வரலைன்னு உயிரை எடுக்குது. நான் என்னன்னு சொல்ல?"

"நான் என்னம்மா சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தாயே. நீ சொல்லாததே போதும்."

போனை வைத்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. பாப்பா தப்பித்தாள் என்று இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்கூட. காலையில் எழுந்ததும் அந்த நிம்மதியே உறுத்த ஆரம்பித்துவிட்டது. எந்த ஆபத்தும் இல்லை என்று தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டேன்? அப்படியானால் பாப்பா எதிலிருந்து தப்பித்தாள்?

திங்கட்கிழமை அந்தப் பெண்ணே எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். மேலதிகாரி தன் அறையில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் கூப்பிட்டார். "உங்களைப் பாத்துத்தான் பேசணுமாம். நானும் கூட இருக்கேன்" என்றார்.

கண்ணாடிக்கடையின் நீலச் சட்டையோடு வந்திருந்தாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் நானே அவர்கிட்ட சொல்லிட்டேன் மேடம்" என்றாள். "உங்க வீட்டுக்கு வந்த மறுநாளே. கதவைப் பூட்டினது, ஸ்டூல், ஜன்னல், பையன் கை, கோர்ட், ஒண்ணு விடல. எங்க அம்மாகிட்டகூட நான் அப்படிச் சொன்னதில்ல. அவரும் பொறுமையாத்தான் கேட்டாரு. எல்லாம் முடிஞ்சப்பறம் என்ன கேட்டாரு தெரியுமா? 'வேற ஒண்ணும் இல்லையே?'ன்னாரு. இல்லைங்கன்னேன். 'அப்ப எங்கக்கா ஏன் வாயே திறக்கல? இதுக்கு மேல பெருசா ஏதோ இருக்கணும்'னாரு."

நான் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நான் வாய்விட்டுச் சொன்னதைவிட நீங்க சொல்லாததைத்தான் அவர் நம்பறாரு. நான் இப்ப என்ன பண்ணட்டும்? சொல்லுங்க, கேக்குறேன். நீங்க சொன்னதையெல்லாம் கேட்டவதானே நான்."

"உங்க விஷயத்தை நான் வெளிய சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான்…"

"தெரியும் மேடம். வெளிய சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே, காத்துக்கிட்டு இருந்த நாளெல்லாம் அதைத்தான் படிச்சேன். நான் சம்மதம் குடுத்தா சொல்லலாம்னு அதுலயே போட்டிருக்கு. குடுக்கறேன். சொல்லுங்க."

மேலதிகாரி ஒரு தாளை எடுத்தார். "யார்கிட்ட, எதைச் சொல்லலாம்னு குறிப்பா எழுதணும்மா."

"எல்லாத்தையும்னு எழுதிக்கோங்க."

"அப்படி எழுத முடியாது."

அவள் இரண்டு விரலை நீட்டினாள். "அப்ப ரெண்டு. நான் சொன்னதுக்கு மேல எதுவும் இல்லைன்னு சொல்லணும். அப்பறம், பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போவாங்களா மாட்டாங்களான்னு இவங்க வாயால சொல்லணும்."

"முதல் விஷயம் சரி. ரெண்டாவது ஃபைல்ல இல்லம்மா. அது இவங்க சொந்த அபிப்பிராயம்."

"ஃபைல்ல இருக்கு" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். "கோர்ட்ல வாசிச்சாங்களே மேடம், நீங்க எழுதினதை. இந்தத் தாயை நம்பி ஒரு குழந்தையை விடலாம்னு எழுதியிருந்தீங்க. பையன் எனக்குக் கிடைக்கல. அந்த வரி கிடைச்சுது. ஊரே என்னைப் பேய் மாதிரி பாத்தப்ப, படிச்சவங்க ஒருத்தங்க கையெழுத்துப் போட்டு இப்படி எழுதியிருக்காங்கன்னு நெனச்சுக்குவேன். அது என் குழந்தைக்குன்னா விடலாம், உங்க வீட்டுக் குழந்தைக்குன்னா விடக் கூடாதா? எப்படி மேடம் அது?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு எங்கள் விதிகளில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நான் அன்று எழுதியது பொய்யில்லை. ஒவ்வொரு எழுத்தையும் நம்பித்தான் எழுதினேன். விழப்போவது அவள் பையன் என்றபோது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"என்ன சொல்வீங்க?"

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வேலையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பாப்பா பக்கத்துவீட்டில் விளையாடப் போயிருந்தாள். அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அவ அனுமதி குடுத்திருக்கா, அதனால சொல்றேன். அவ உன்கிட்ட சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஒரு துளி இல்ல."

தம்பி குழாயை மூடினான். "அப்ப அன்னிக்கு ஏன் அப்படி நின்ன?"

"அவ சொல்லாம நான் சொல்லக் கூடாது. அது வேலை. ஆனா ஒண்ணு சொல்லியிருக்கலாம்டா. என் மூஞ்சியை வெச்சு எதையும் முடிவு பண்ணாத, யாரா இருந்தாலும் நான் அப்படித்தான் நிப்பேன், சந்தேகம்னா அவகிட்டயே கேளுன்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு எந்த விதியும் குறுக்க நிக்கல. சொல்ல எனக்குத் தோணல. நீ தப்பா புரிஞ்சுக்கிட்டன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். நீ நிறுத்தினதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"நான் அப்பவே சொன்னேன், நல்ல பொண்ணுன்னு" என்றாள் அம்மா. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் நான் இல்லை.

தம்பி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "ஒரு வாரம் அவளை அழ வெச்சுட்டேன்க்கா" என்றான். பிறகு போனை எடுத்தான்.

அவள் எடுத்துவிட்டாள். அவன் என்னென்னவோ சொல்லத் தொடங்கினான், தடுமாறினான், மன்னிப்புக் கேட்டான். மறுமுனையில் அவள் ஏதோ சொன்னாள். அவன் போனை என்னிடம் நீட்டினான். "உன்கிட்ட பேசணுமாம்."

"மேடம், சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"ரெண்டையுமா?"

"ஒண்ணைத்தான் சொன்னேன். இன்னொண்ணை உங்ககிட்ட சொல்றேன். பாப்பாவை உங்ககிட்ட விடுவேன்."

"பயமில்லாமயா?"

பின்னால் கடையில் யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. பயமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளைப் போன்ற எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை நான் சொன்ன வார்த்தைதான், பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல என்று.

"பயமா இருக்கு" என்றேன். "அன்னிக்கு டீ குடிக்கறப்ப, பாப்பா முதுகுக்குப் பின்னால இருந்த உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். எந்தக் காரணமும் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு. விடுவேன், ஆனா பயந்துக்கிட்டேதான் விடுவேன்."

மறுமுனையில் ஷட்டருக்குப் பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

"நான் தூங்கினது, சாப்பிட்டது, யார்கூடச் சண்டை போட்டேன், எதுக்கு அழுதேன், எல்லாத்தையும் நீங்க எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். "உங்களைப் பத்தி நீங்க எங்கிட்ட சொன்ன மொத விஷயம் இதுதான்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"நான் அந்த வீட்டுக்கு வந்தா நீங்க எனக்கு நாத்தனார்" என்றாள். "ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்ண முடியாது. இன்னும் சொல்லுங்க. கேட்டுட்டு, வரலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்."

தம்பியும் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமலே தொடங்கினேன்.